பழைய எக்ஸ்பல்ஸா, ஹிமாலயனா, 390 அட்வெஞ்சரா? தினமும் கார்களுக்கு நடுவில் ஓட்டுகிறவர்களுக்கு

"செகண்ட் ஹேண்டில் ஒரு அட்வெஞ்சர் பைக் பார்க்கிறேன். வாரநாளில் தாம்பரத்திலிருந்து பெருங்குடிக்கு ஆபீஸ். மாதத்தில் ஒரு தடவை ஜவ்வாது மலையோ ஏலகிரியோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் எடுப்பதா, ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் எடுப்பதா, இன்னும் கொஞ்சம் பணம் புரட்டி கே.டி.எம். 390 அட்வெஞ்சருக்கே போய்விடுவதா?"

சென்னைக்காரர்களிடமிருந்து இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்த வண்டி ஆற்றைக் கடக்கும், எது பாறையில் ஏறும், எது லடாக் வரை போகும் என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வண்டி மண்ணைத் தொடப்போவது மாதத்தில் ஓரிரு நாள். மற்ற நாளெல்லாம் துரைப்பாக்கம் சிக்னலில் ஒரு க்ரெட்டாவுக்கும் ஒரு மாநகரப் பேருந்துக்கும் நடுவில்தான் நிற்கப்போகிறது. அந்த இடத்தில் எந்த வண்டி உங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. மலை அதற்கு அப்புறம்.

## எதை வைத்து அளப்பது

அகலம். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். க்ரெட்டாவின் அகலம் 1.79 மீட்டர். பக்கத்துப் பக்கத்து லேன்களில் இரண்டு க்ரெட்டாக்கள் சரியாக நடுவில் நிற்கின்றன என்று வையுங்கள். இரண்டு உடலுக்கும் இடையே 1.71 மீட்டர் கிடைக்கும். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகளைக் கழித்தால் மிஞ்சுவது 1.35 மீட்டர் அளவுதான். ஸ்பிளெண்டரின் அகலம் 72 சென்டிமீட்டர், ஆகவே இரண்டு பக்கமும் தாராளம். எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் இரண்டும் 85 சென்டிமீட்டரை ஒட்டி வரும். பக்கத்துக்கு ஒரு சாண் இடம்தான் மிச்சம். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து லேனையே சுருக்கிய இடங்களில் அந்த ஒரு சாணும் கிடையாது. இத்தனை நாள் ஸ்பிளெண்டரிலோ ஆக்டிவாவிலோ போய்ப் பழகியவர் அதே கேப்பில் (இடைவெளியில்) இந்த வண்டியை நுழைத்தால் முதல் வாரத்திலேயே யாருடைய கண்ணாடியாவது போகும்.

அகலத்தோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். இந்த ரக வண்டிகளின் ஹேண்டில்பார் உயரமானது. ஸ்விஃப்ட், டிசையர் போன்ற கார்களின் கண்ணாடிக்கு மேலாகவே போய்விடும். ஆனால் க்ரெட்டா, இன்னோவா, பொலிரோ கண்ணாடிகள் ஹேண்டில்பார் முனைக்கு நேர் உயரத்தில் வரும். ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலையில்) எஸ்.யு.வி.க்கள் கூடக் கூட இந்த வண்டிகளுக்கான இடைவெளி குறைந்துகொண்டே போகிறது.

நிற்கும்போது தாங்கும் எடை. கார்களுக்கு நடுவில் நிற்கும்போது ஒரு காலையாவது முழுப் பாதமாக ஊன்ற முடிய வேண்டும். நுனிக்கால் மட்டும் எட்டினால், சாலை லேசாகச் சரிந்திருக்கும் இடத்தில் வண்டி சாய ஆரம்பிக்கும்; வண்டியின் முழு எடையும் பக்கத்துக் காரின் கதவில்தான் போய் உட்காரும். சீட் உயரத்தையும் எடையையும் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் பாருங்கள்.

ஊர்ந்து போகும்போது இன்ஜினின் குணம். மணிக்கு 10 கிலோமீட்டரில் கிளட்சை அதிகம் பிடிக்காமல் போக முடிகிறதா? குலுக்குகிறதா? ஃபேன் ஓடி சூடான காற்றைக் காலில் வீசுகிறதா? ஆபீஸ் நேரத்தில் ஒரு மணி நேரம் இதைத்தான் அனுபவிக்கப்போகிறீர்கள்.

பிரேக். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் அமைப்பு) இருக்கும். முன் சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டுக்குமா என்பதில்தான் வித்தியாசம். செகண்ட் ஹேண்டில் 2019க்கு முந்தைய வண்டிக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

வாங்கிய பிறகு வரும் செலவு. விலையைப் பேசி முடித்த அன்றைக்கு அது முடிவதில்லை. டயர், செயின் செட், ஃபோர்க் சீல், கோன் செட், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று முதல் இரண்டு மாதம் வரிசை கட்டி நிற்கும்.

முதலில் எண்களைப் போட்டுவிடலாம். எல்லாமே கம்பெனி சொல்லும் கணக்கு. கேள்வியில் இல்லாத சுசூகி வி-ஸ்ட்ராமையும் ஒப்பிடச் சேர்த்திருக்கிறேன். 4வி என்றால் நான்கு வால்வு இன்ஜின்; பி.எஸ்.6 என்றால் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிக்கு ஏற்ற மாடல்; பவர் வரிசையில் வரும் பி.எஸ். என்பது குதிரைத்திறன்.

| | எக்ஸ்பல்ஸ் 200 4வி | ஹிமாலயன் 411 (பி.எஸ்.6) | கே.டி.எம். 390 அட்வெஞ்சர் | வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். |
|---|---|---|---|---|
| இன்ஜின் | 199.6 சி.சி. | 411 சி.சி. | 373 சி.சி. | 249 சி.சி. |
| பவர் (பி.எஸ்.) | 19.1 | 24.3 | 43.5 | 26.5 |
| டார்க் (நியூட்டன் மீட்டர்) | 17.35 | 32 | 37 | 22.2 |
| எடை | 158 கிலோ | 199 கிலோ | 177 கிலோ | 167 கிலோ |
| சீட் உயரம் | 825 மி.மீ. | 800 மி.மீ. | 855 மி.மீ. | 835 மி.மீ. |
| தரை இடைவெளி | 220 மி.மீ. | 220 மி.மீ. | 200 மி.மீ. | 205 மி.மீ. |
| சக்கரம் (முன்/பின்) | 21/18, ஸ்போக் | 21/17, ஸ்போக் | 19/17, அலாய் | 19/17, அலாய் |
| டியூப் | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |

## எக்ஸ்பல்ஸ் 200

2019 மே மாதம் வந்தபோது கார்புரேட்டர் மாடல் 97,000 ரூபாய். ஒரு லட்சத்துக்குள் 21 அங்குல முன் சக்கரத்தோடு ஒரு முழு ஆஃப்-ரோடு வண்டி என்பது அப்போது பெரிய விஷயம். அதனால் நிறைய பேர் வாங்கினார்கள், இப்போது சந்தையில் நிறைய கிடைக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவருக்கு இது பெரிய வசதி. ஒன்று பிடிக்கவில்லை என்றால் அடுத்ததைப் பார்க்கப் போகலாம், அவசரப்பட்டுத் தலையை ஆட்ட வேண்டியதில்லை.

கார்களுக்கு நடுவில் இதன் பலம் எடை. ஹிமாலயனைவிட 41 கிலோ குறைவு. சிக்னலில் வண்டியைப் பின்னால் தள்ளி வேறு கேப்புக்கு மாற்றும்போதும், சரியப் போகும்போது தொடையால் தாங்கும்போதும் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஹேண்டிலை நிறைய திருப்பலாம். கிளட்ச் லேசு. உடல் ஒல்லி என்பதால் ஹேண்டில்பார் நுழையும் இடத்தில் மற்றதெல்லாம் நுழைந்துவிடும்.

குறை உயரம். 825 மில்லிமீட்டர் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. ஐந்தடி நான்கங்குலம், ஐந்தங்குலம் உள்ளவர்களுக்கு இரண்டு காலும் சேர்ந்து முழுதாக எட்டாது. ஆனால் சஸ்பென்ஷன் மெத்தென்று இருப்பதால் உட்கார்ந்ததும் கொஞ்சம் இறங்கும், ஒரு கால் நன்றாகவே ஊன்றும். எடை குறைவு என்பதால் அது போதும். 2023இல் வந்த ப்ரோ மாடல் மட்டும் வேறு கதை. அதன் சீட் 891 மில்லிமீட்டர். மண்ணுக்கென்றே செய்தது, தினசரி ஆபீஸுக்கு எடுக்கவே வேண்டாம்.

அடுத்த குறை பின் பிரேக். ஏ.பி.எஸ். முன் சக்கரத்துக்கு மட்டும். மழையில் திடீரென்று பின் பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் நின்று சறுக்கும். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் சாலையில் பதித்திருக்கும் இரும்புத் தகடுகள் மழையில் எப்படி இருக்கும் என்று ஓ.எம்.ஆர்.காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன் உரிமையாளர் ஆசைப்பட்டு முழு ஆஃப்-ரோடு டயர் போட்டிருந்தால் ஆபத்து இரட்டிப்பு. அந்த டயரில் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், ஈரத் தாரில் தரையைத் தொடும் பரப்பு குறைவு. அப்படிப்பட்ட வண்டியை எடுத்தால் டயர் மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

நெடுஞ்சாலையில் 80, 85 வரை சந்தோஷமாக ஓடும். அதற்கு மேல் இன்ஜின் கஷ்டப்படுவது ஃபுட்ரெஸ்ட் வழியாகக் காலுக்கே தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டில்) ஆம்னி பஸ் பின்னால் வந்து ஹாரன் அடிக்கும்போது முறுக்கி விலகிப்போகத் தெம்பு இருக்காது. நான்கு வால்வு இன்ஜினோடு 2021 அக்டோபரில் வந்த 4வி இதில் கொஞ்சம் பரவாயில்லை. பட்ஜெட் இடம் கொடுத்தால் இரண்டு வால்வைத் தாண்டி 4வியைத்தான் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை: ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்களில்) எண்ணெய்க் கசிவு, முன் ரிம்மின் வளைவு, ஸ்போக்குகளின் இறுக்கம். ஸ்போக்கை ஒவ்வொன்றாக ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி ‘டிங்’ என்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் லூஸ். ராலி கிட் (கரடுமுரடான மண் ஓட்டத்துக்கான கூடுதல் சாமான்) போட்ட வண்டி என்றால் விலகி வந்துவிடுவேன். அதை வாங்கியவர் அதை எதற்குப் பயன்படுத்தியிருப்பார் என்பதில் சந்தேகமே இல்லை.

## ஹிமாலயன் 411

ஓட்டுகிறவர் குள்ளமோ உயரமோ, முதலில் ஏறி உட்காரும்போது எல்லோருக்கும் பிடித்துப்போகிற வண்டி இதுதான். 800 மில்லிமீட்டர் சீட்டில் கால் நன்றாக ஊன்றும். நின்ற இடத்தில் அமைதியாக இருக்கும். 32 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை) குறைந்த இன்ஜின் வேகத்திலேயே கிடைப்பதால் இரண்டாவது கியரில் கிளட்சைத் தொடாமல் ஊர்ந்து போகலாம். நெரிசலில் இடது கை வலிக்காமல் வீடு திரும்ப இதைவிட நல்லது இந்தப் பட்டியலில் இல்லை. ஏ.பி.எஸ். இரண்டு சக்கரத்துக்கும் உண்டு. பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, பையையும் கட்டிக்கொண்டு, 90இல் நாள் முழுக்க ஓடும்.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் இதையே சொல்லிவிடக் கூடாது? எடைதான் காரணம். 199 கிலோ. ஓடும்போது தெரியாது. நிற்கும்போதும் கால் எட்டுவதால் சமாளிக்கலாம். ஆனால் ஒருமுறை சரிய ஆரம்பித்துவிட்டால் பிடித்து நிறுத்துவது கஷ்டம். முன் பிரேக்கும் கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கும். லீவரை நன்றாக அழுத்தினால்தான் கடிக்கும். முன்னால் போகும் டாக்ஸி இண்டிகேட்டர் போடாமல் திரும்பும்போது இரண்டு விரலால் லேசாகப் பிடித்து நிறுத்திவிடலாம் என்று நினைக்கக் கூடாது. எக்ஸ்பல்ஸில் விடுவதைவிடக் கூடுதல் இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

இந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகிறவர் முதலில் தொட வேண்டியது கோன் செட். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்கைத்தான் மெக்கானிக்குகள் அப்படிச் சொல்வார்கள். ஹிமாலயனில் இது சீக்கிரம் தேய்வது ஊரறிந்த விஷயம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை ஒரே விரலால் இடமிருந்து வலம் மெதுவாகத் தள்ளுங்கள். சீராகப் போக வேண்டும். நேராக வரும் இடத்தில் ஏதோ குழியில் விழுந்து நிற்பதுபோல் ஒரு ‘கடக்’ தட்டினால் கோன் செட் போய்விட்டது. அடுத்து ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அதுவும் அதே வியாதிதான்.

இது சின்னக் குறைதான், சரி செய்துவிடலாம். ஆனால் கார்களுக்கு நடுவில் இது ஏன் பெரிதாகிறது என்றால், மெதுவாகப் போகும்போது நாம் ஹேண்டிலை இம்மி இம்மியாகத் திருப்பித்தான் நேர்கோட்டைப் பிடிக்கிறோம். நடுவில் ஒரு பள்ளம் தட்டுகிற கோன் செட்டில் அது முடியாது. வண்டி இடமும் வலமும் அலையும். மிச்சமிருக்கும் ஒரு சாண் இடத்தில் அந்த அலைச்சலுக்கு இடமில்லை. இந்தக் குறையோடு ஒரு வண்டியை வாங்கினால் நேராக மெக்கானிக்கிடம் ஓட்டிப்போங்கள், மாற்றிய பிறகுதான் ஆபீஸுக்கு.

எந்த ஆண்டு என்பதும் முக்கியம். 2016இல் வந்த முதல் கார்புரேட்டர் வண்டிகளை விட்டுவிடுங்கள். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் 2017இல் வந்தது, ஏ.பி.எஸ். 2018இல். 2020க்குப் பிந்தைய பி.எஸ்.6 வண்டியில் பின் ஏ.பி.எஸ்.ஸை நிறுத்திவைக்கும் வசதியும் சேர்ந்தது. 2023 இறுதியில் 452 சி.சி. புது ஹிமாலயன் வந்ததும் 411 நின்றுபோனது. நின்றுபோன மாடலாயிற்றே என்று பயப்பட வேண்டியதில்லை. ராயல் என்ஃபீல்டின் சொந்த ஊரே சென்னைதான், மூலைக்கு மூலை மெக்கானிக்கும் சாமானும் கிடைக்கும். விலை பேசும்போது மட்டும் "மாடல் நின்றுபோச்சே" என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு மறைமுகச் செலவு சக்கரத்தில் இருக்கிறது. இது எக்ஸ்பல்ஸுக்கும் பொருந்தும். ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். பஞ்சர் என்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். 21 அங்குல டியூப் சாலையோரப் பஞ்சர் கடையில் இருக்காது. போளூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறும் வழியில் அப்படி நிற்பதைவிட, ஒரு டியூபைப் பையில் வைத்துக்கொள்வது மேல்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மனைவியையோ நண்பரையோ பின்னால் வைத்துக்கொண்டு ஏறுகிறவர், உயரம் ஐந்தரை அடிக்குக் கீழே, தினசரி தூரம் நீளம் ஆனால் நெரிசல் மிதம் என்கிறவர்: இவர்களுக்கு ஹிமாலயன்தான். ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பலர் இந்த வகை.

## கே.டி.எம். 390 அட்வெஞ்சர்

2020 ஜனவரியில் 2.99 லட்சத்துக்கு வந்த வண்டி. இப்போது செகண்ட் ஹேண்டில் அதன் விலை பலருக்கு ஆசை காட்டும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. 43.5 பி.எஸ். பவர், வளைவிலும் வேலை செய்யும் ஏ.பி.எஸ்., பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல். பட்டியலில் பிரேக் பிடித்தால் நம்பிக்கையோடு நிற்கும் வண்டி இதுதான். டியூப் இல்லாத டயர் என்பதால் பஞ்சரானால் வண்டியில் வைத்தபடியே அடைத்துவிடலாம். பெங்களூர் நெடுஞ்சாலையில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

இந்தக் கட்டுரையின் கேள்விக்கு மட்டும் இது சரியான பதில் இல்லை என்பதுதான் என் முடிவு. 855 மில்லிமீட்டர் உயரம். சஸ்பென்ஷனும் எக்ஸ்பல்ஸ் போல உட்கார்ந்ததும் இறங்காது. அகலமும் பட்டியலிலேயே அதிகம், 90 சென்டிமீட்டரைத் தொடும். இன்ஜின் கீழ் வேகத்தில் குலுக்கும். மணிக்கு 10 கிலோமீட்டரில் போக முதல் கியரும் பாதிக் கிளட்சுமாகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மே மாத மதியத்தில் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் அந்தச் சூடு நேராகக் காலுக்குத்தான். இவ்வளவு பவர் உள்ள வண்டியில் கேப் திறந்ததும் முறுக்கத் தோன்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பின் செலவும் இதில்தான் அதிகம். சாமான் விலையும் சர்வீஸ் பில்லும் எக்ஸ்பல்ஸோடு ஒப்பிடவே முடியாதபடி இருக்கும். முதல் ஆண்டுகளில் வந்த வண்டிகளில் முன் அலாய் சக்கரம் பள்ளத்தில் வளைவது பலர் சந்தித்த தொல்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம் ஓரத்தைக் கவனியுங்கள், ஏறி இறங்கினால் வேண்டாம். கூலன்ட் அளவு, ஃபேன் ஓடுகிறதா என்பதை வண்டி நன்றாகச் சூடாகும் வரை நிறுத்திவைத்துப் பாருங்கள். பதினைந்து நிமிடம் ஐடிலிங்கில் விடச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

ஐந்தடி பத்தங்குலம் உயரம், வாரநாளில் ரயிலோ கம்பெனி பஸ்ஸோ, வண்டி சனி ஞாயிறு நெடுந்தூரத்துக்கு மட்டும். அப்படியென்றால் தயங்காமல் எடுக்கலாம்.

## வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ்.

2022 ஏப்ரலில் வந்தது. பார்க்க அட்வெஞ்சர் பைக், உள்ளே ஜிக்ஸர் 250இன் இன்ஜின். மழமழவென்று ஓடும், தொல்லை குறைவு. மண்ணில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. உங்கள் ‘மலை’ என்பது தார்ச்சாலை வழியாக ஏற்காடு போய் வருவது என்றால் இதுவே போதும். செகண்ட் ஹேண்டில் குறைவாகத்தான் வருகிறது, வந்தாலும் விலை அதிகம் இறங்குவதில்லை.

## என் தேர்வு

தினமும் ஓ.எம்.ஆரிலோ மவுண்ட் ரோட்டிலோ கார்களுக்கு நடுவில் போகிற, தனியாக ஓட்டுகிற ஒருவருக்கு நான் சொல்வது 2021 இறுதிக்குப் பிந்தைய எக்ஸ்பல்ஸ் 4வி. கூடவே தார்ச்சாலைக்கேற்ற டயர். மிச்சமாகும் பணத்தை நல்ல ஹெல்மெட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் போடலாம். கால் எட்டவே இல்லை, அல்லது பின்னால் எப்போதும் ஆள் உண்டு என்றால் ஹிமாலயன். இந்த இரண்டுக்கும் நடுவில் தவிப்பவர்கள் ஸ்க்ராம் 411ஐயும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம். ஹிமாலயனின் அதே இன்ஜின், 19 அங்குல முன் சக்கரம், 795 மில்லிமீட்டர் சீட்.

## எந்த வண்டியானாலும் கேப்பில் இந்தக் கணக்கு

கார்களுக்கு நடுவில் பைக் புகுந்து போகலாம் என்று சொல்லும் விதி நம் நாட்டில் கிடையாது. எல்லோரும் போகிறோம், போலீஸும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உரசலோ விபத்தோ ஆனால் சட்டம் நம் பக்கம் நிற்கும் என்று எண்ண வேண்டாம். இதை முறைப்படி அனுமதித்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா. அங்கே 2016இல் சட்டம் இயற்றி, 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. 2015இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விபத்தில் சிக்கிய கிட்டத்தட்ட 6,000 பைக் ஓட்டிகளின் தகவலை ஆராய்ந்தார்கள். மற்ற வண்டிகள் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் போகும்போது, அவற்றைவிட 24 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூட்டாமல் நடுவில் போனவர்களுக்கு ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு என்பது அவர்கள் கண்டது.

அங்கே லேன் ஒழுங்கு உண்டு; ஆட்டோவும் மாடும் எதிர்த்திசையில் வரும் பைக்கும் கிடையாது. அதனால் நான் அந்த 24ஐப் பாதியாக்கித்தான் எடுத்துக்கொள்வேன். வித்தியாசம் 24 என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட ஏழு மீட்டர், அதாவது ஒன்றரைக் கார் நீளத்துக்கும் மேல். ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தபோது இல்லாத பைக், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பக்கத்தில் வந்து நிற்கிறது. வித்தியாசம் 10, 12 என்றால் அவர் நம்மைப் பார்க்க நேரம் இருக்கிறது, நமக்கும் நிறுத்த நேரம் இருக்கிறது.

இன்னொன்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை: ஒரு பக்கம் பஸ்ஸோ லாரியோ டிரெய்லரோ இருந்தால் அந்தக் கேப்பில் நுழைவதில்லை. பஸ்ஸுக்கு இடப்பக்கம் எவ்வளவு அகலமான கேப் கிடைத்தாலும் வேண்டாம். ஸ்டாப்புக்கு ஒதுங்கும்போது ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். டிரெய்லர் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஸ்ரீபெரும்புதூர், மணலி பக்கம் ஓட்டுகிறவர்கள் இதை மனதில் ஆணி அடித்தமாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கவாட்டுப் பெட்டிகளை வாரநாளில் கழற்றிவிடுங்கள். 85 சென்டிமீட்டர் வண்டி அதோடு ஒரு மீட்டரைத் தாண்டும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில். லேப்டாப்புக்குப் பின்னால் ஒரே பெட்டி போதும். கேப்புக்காகக் கண்ணாடிகளை உள்ளே மடக்கி ஓட்டுகிறவர்கள் நிறைய பேர். மடக்கினால்தான் நுழையும் என்றால் அது உங்கள் வண்டிக்கான கேப் இல்லை.

## வெள்ளத்தில் நின்ற வண்டியும் காகிதங்களும்

சென்னையில் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட ஒன்று கூடுதலாகப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. கழுவி, பாலிஷ் போட்டு, பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைக்கு வந்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்சுவரில் காய்ந்த சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. சீட்டைக் கழற்றி வயரிங் கப்ளர் ஒன்றிரண்டைப் பிரியுங்கள். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டே இருக்கும். நெரிசல் நடுவில் வண்டி திடீரென்று அணைந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

வண்டி சரி என்றால் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி உண்டா, இ-சலான் நிலுவை எவ்வளவு என்று பாருங்கள். புதுச்சேரி, கர்நாடக நம்பர் வண்டி மலிவாக வரும். என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள்கால வரி கட்டி, நம்பர் மாற்றுவதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும். 2020இல் வாங்கிய வண்டியின் ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2025லேயே முடிந்திருக்கும், புதுப்பிக்காமலே விற்பவர்கள் உண்டு. பாலிசி ஓடிக்கொண்டிருந்தாலும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அதனால் ப்ரீமியம் நீங்கள் நினைத்ததைவிடக் கூடும். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை முன்னால் இருந்து வாங்குங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் பேங்கின் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் கையில் வர வேண்டும். "ஹெச்.பி. கேன்சலுக்குக் கொடுத்தாச்சு, ஒரு வாரத்தில் வந்துடும்" என்ற பேச்சை நம்பி முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள், ஆர்.சி.யில் கடன் நீங்கியது தளத்தில் தெரிந்த பிறகு கொடுக்கலாம்.